புற்றுநோயைக் கண்டறியத் தவறிய மருத்துவமனை மீது இழப்பீடு கோருவது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

அரூர் வட்டத்தில் வசிக்கும் என் சின்னம்மாவுக்கு மலத்தோடு ரத்தம் போகத் தொடங்கிய நாளிலிருந்து, அது பெருங்குடல் புற்றுநோய் என்று சேலத்தில் பயாப்ஸி (சதைப் பரிசோதனை) முடிவு வந்த நாள் வரை 14 மாதங்கள் கடந்திருந்தன. அத்தனை மாதங்களும் ஒரு தனியார் மருத்துவமனையில் மூலம் என்று சொல்லி மாத்திரையும் களிம்பும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வழக்குத் தொடுக்கலாமா என்று பார்ப்பதற்காக அவருடைய மஞ்சப்பையை நானும் அவருடைய மகனும் தரையில் கொட்டிப் பரப்பியபோது, மருந்துக்கடை ரசீதுகளில் பாதி எழுத்து மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. ஆனால் கசங்கிய மூன்று ரத்தப் பரிசோதனை முடிவுகள் கிடைத்தன. ஹீமோகுளோபின் அளவு முதல் தாளில் 11.4, ஐந்து மாதம் கழித்து 9.6, அதன் பிறகு 7.8. மாதவிடாய் நின்றுபோன 56 வயதுப் பெண்ணுக்கு ரத்தம் இப்படிப் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த மூன்று முடிவுகளும் அதே மருத்துவரின் மேசைக்குச் சென்றிருக்கின்றன. ஆசனவாய்ப் பரிசோதனையோ, பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபியோ ஒரு முறைகூடச் செய்யப்படவில்லை. அந்த எண்களைத் தேதி வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த பிறகுதான் எங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது என்பதே எங்களுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களிலிருந்து இதே போன்ற பைகளோடு வந்தவர்களுக்குத் தாள்களை அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் முதலில் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்: மருத்துவர் தவறு செய்தார் என்ற மன உறுதி வழக்கை நடத்தாது, எந்தத் தேதியில் என்ன அறிகுறியைச் சொன்னோம், எந்தத் தேதியில் எந்தப் பரிசோதனை செய்யப்படாமல் போனது, அந்த இடைவெளியில் நோய் எவ்வளவு முன்னேறியது என்பதைத் தாளில் காட்ட முடிந்தால் மட்டுமே வழக்கு நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பு சிகிச்சை தொடர வேண்டும். சட்டம் நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது, ஆகவே முதல் சில வாரங்களை வழக்கறிஞரைத் தேடிச் செலவிட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, ஓசூர்ப் பக்கத்தாருக்கு பெங்களூரு கித்வாய் நிறுவனம் ஆகியவை எல்லோரும் அறிந்த இடங்கள்.

எது கவனக்குறைவு, எது அல்ல

நோயைத் தவறாகக் கணித்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக எந்த மருத்துவரும் பொறுப்பாகிவிடுவதில்லை. அதே தகுதியும் அனுபவமும் உள்ள சராசரி மருத்துவர் ஒருவர் அந்தச் சூழ்நிலையில் நியாயமாகச் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே கேள்வி என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. வயிற்று வலி என்று ஒரே ஒரு முறை சென்றவருக்கு அன்றே புற்றுநோயைக் கண்டுபிடிக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணுக்குச் சதைப் பரிசோதனை செய்யாமல் களிம்பே கொடுத்துக்கொண்டிருப்பது, மார்பில் தெளிவாகத் தட்டுப்படும் கட்டியை ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் இல்லாமல் கொழுப்புக்கட்டி என்று சொல்லி அனுப்பிவிடுவது, சளிப் பரிசோதனையில் கிருமி உறுதியாகாமலே காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு மார்புப் படத்தில் உள்ள நிழல் மாறாததைக் கவனிக்காமல் விடுவது, மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழிந்த பிறகு ஏற்படும் உதிரப்போக்கைச் சூட்டினால் வந்தது என்று சொல்லி விட்டுவிடுவது ஆகியவை அந்தச் சராசரிக்கும் கீழே வருபவை.

இவை தவிர, என் கண்ணில் அடிக்கடி படுவது வேறொரு வகை: பரிசோதனை முறையாகச் செய்யப்பட்டிருக்கும், பயாப்ஸி முடிவும் சரியாகவே வந்திருக்கும், ஆனால் அது நோயாளியின் கைக்கு வந்திருக்காது. ஆய்வகம் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டது, மருத்துவமனை நோயாளி வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டது, நோயாளியோ தகவல் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டார். இத்தகைய வழக்குகள் நிரூபிக்கச் சற்று எளிதானவை, ஏனென்றால் அறிக்கையின் தேதியும் அது ஒப்படைக்கப்பட்ட தேதியும் ஏட்டிலேயே இருக்கும்.

நம் பக்கத்துத் தவறையும் நாமே முதலில் தேடிப் பார்த்துவிட வேண்டும். மருத்துவச் சீட்டின் அடிப்பகுதியில் ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கிறுக்கப்பட்டிருக்கும் வரியில் 'கொலோனோஸ்கோபி செய்யவும்' என்றோ 'இரண்டு வாரத்தில் மீண்டும் வரவும்' என்றோ எழுதியிருந்து, செலவுக்கு அஞ்சியோ அறுவடை நேரம் என்றோ நாம் போகாமல் இருந்திருந்தால், எதிர்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தச் சீட்டைத்தான். படிக்கத் தெரிந்த ஒரு செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ ஒவ்வொரு சீட்டையும் கொடுத்து வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

தாள்களைச் சேர்ப்பது

மருந்துக்கடையிலும் ஸ்கேன் மையத்திலும் தரும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகுபவை. தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடையைக் கழித்தால் எழுத்து போய்விடும். கிடைத்த அன்றே செல்போனில் படம் எடுத்து, நகலும் எடுத்துவிட வேண்டும். அசல் ரசீதை லேமினேட் செய்யக் கூடாது, அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும்.

நோயாளியோ அவர் அதிகாரமளித்த உறவினரோ எழுத்து மூலம் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. அதே விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாத்தால் போதும் என்பதால், காலம் கடத்தினால் 'அழித்துவிட்டோம்' என்ற பதிலே வரும். கடிதத்தை, சென்று சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடிதத்தில் கோபத்தைக் காட்ட வேண்டாம், தொடர் சிகிச்சைக்குத் தேவைப்படுகிறது என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட.

ஸ்கேனைப் பொறுத்தவரை அறிக்கைத் தாளும் படச்சுருளும் போதாது. முழுப் படங்களும் அடங்கிய சி.டி.யைக் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை என்பது ஒருவர் பார்த்து எழுதியது. அவர் பார்க்கத் தவறியதை வேறொரு கதிரியக்க மருத்துவர் காட்ட வேண்டுமென்றால் அவருக்குப் படமே வேண்டும். பயாப்ஸியிலும் அப்படியே. எடுத்த சதை மெழுகில் பதிக்கப்பட்டு ஒரு சிறு கட்டையாகவும் (பிளாக்), அதிலிருந்து சீவிய மெல்லிய துண்டுகள் கண்ணாடி ஸ்லைடுகளாகவும் ஆய்வகத்தில் இருக்கும். முதலில் புற்று இல்லை என்று அறிக்கை தந்து, பிறகு அதே இடத்தில் புற்று இருந்ததாகத் தெரியவந்தால், பழைய பிளாக்கையும் ஸ்லைடையும் பெரிய மையம் ஒன்றில் மறுபரிசீலனைக்குக் கொடுப்பதுதான் அந்த வழக்கின் உயிர். பிளாக்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒப்படைக்கும் இடத்தில் எல்லாம் ரசீது பெறுங்கள். ஒரு மையத்தில் கொடுத்த ஸ்லைடு தொலைந்துபோனால் அதை மீண்டும் உண்டாக்க வழியில்லை.

ஆய்வகத்திலிருந்து வாட்ஸ்ஆப்பில் வந்த அறிக்கைகளையும் மருத்துவருடன் நடந்த உரையாடலையும் அழிக்காமல் அந்தச் செல்போனையே பத்திரப்படுத்த வேண்டும். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63இன்படியான சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி சான்றிதழ் என்று சொல்லி வந்தது இதைத்தான்.

அடுத்த மருத்துவமனையில் என்ன சொல்கிறீர்கள் என்பது

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். புதிய மருத்துவமனையில் சேரும்போது பணி மருத்துவர் 'எத்தனை நாளாக இருக்கிறது?' என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்த ஒரு வரி, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி வரை பயணம் செய்யும். சேலத்தில் சின்னம்மாவைச் சேர்த்த இரவில் அவருடைய மகனான தம்பி பதற்றத்தில் 'ரெண்டு மாசமா சார்' என்று சொல்லிவிட்டான். இவ்வளவு நாள் விட்டுவிட்டீர்களே என்று திட்டுவார்களோ என்ற பயம். அந்த இரண்டு மாதம் அப்படியே பதிவானது. பதினான்கு மாதம் சிகிச்சை பெற்றதாக நாங்கள் சொல்ல, நோயாளியே இரண்டு மாதம்தான் என்று சொல்லியிருக்கிறார் என்று எதிர்தரப்பு சொல்வதற்கு அந்த வரி போதும். அடுத்த வெளிநோயாளர் வருகையில் பழைய சீட்டுகளைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, முந்தைய சிகிச்சை விவரத்தைத் தேதியோடு கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். அவர் சேர்த்துத் தந்தார். ஒரு மருத்துவர் இன்னொருவரைக் குறை கூறி எழுதித் தருவது அரிது, அதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதும் இல்லை. 'இவ்வளவு காலமாக ரத்தப்போக்கு, வெளியில் மூலத்துக்குச் சிகிச்சை பெற்றவர்' என்ற உண்மை மட்டும் அவர் கையெழுத்தில் இருந்தால் போதுமானது.

தாமதத்தால் எதை இழந்தோம்

இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். 'முதல் நாளிலேயே கண்டுபிடித்திருந்தாலும் நோய் இதே நிலையில்தான் இருந்திருக்கும், ஆகவே எங்களால் எந்த நட்டமும் இல்லை' என்று எதிர்தரப்பு வாதிடும். சில புற்றுநோய்களில் அது உண்மையாகவும் இருக்கலாம், அப்போது கிடைக்கும் இழப்பீடு குறைவாகவே இருக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பெருங்குடல், மார்பகம், கருப்பை வாய், வாய்ப் புற்றுகளில் நிலைமை வேறு: கட்டி உறுப்போடு நின்றிருக்கும்போது செய்யும் அறுவை சிகிச்சைக்கும், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு கொடுக்கும் கீமோவுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. தொடக்கத்தில் எடுத்த ஏதாவது ஒரு வயிற்று ஸ்கேனில் கல்லீரல் சுத்தமாக இருந்ததாகப் பதிவாகியிருந்தால், அது வேறு காரணத்துக்காக எடுத்ததாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பரவியது அந்தத் தேதிக்குப் பிறகுதான் என்பதற்கு அது சான்று.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிபுணர் கருத்து பெரும்பாலும் தேவைப்படும். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது, ஆனாலும் புற்றுநோயின் வேகத்தைப் பற்றிய விவாதத்தில் அது இல்லாமல் இறங்குவது துணிச்சல் என்றே நினைக்கிறேன். வெளியூரில் ஓய்வு பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர்களையோ பேராசிரியர்களையோ அணுகலாம். அரசு மருத்துவக் கல்லூரியின் குழுவிடம் கருத்துக் கேட்குமாறு, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்திடமே மனுச் செய்யலாம்.

பண இழப்பைக் கணக்கிடுவதில் நம் பகுதியில் எல்லோரும் குறைத்தே எழுதுகிறார்கள், ஏனென்றால் சம்பளச் சீட்டு என்று ஒன்று இல்லை. நூறு நாள் வேலை அட்டையில் வருகை எந்த மாதத்தோடு நின்றது, பால் சங்கப் புத்தகத்தில் ஊற்றிய பாலின் அளவு எப்போது பாதியானது, பட்டுக்கூடு விற்ற ரசீது எந்த ஆண்டோடு முடிந்தது என்பவை எல்லாம் வருமான ஆவணங்களே. மாவட்டம் விட்டு மாவட்டம் போய்வந்த பேருந்துச் சீட்டும், உடன் தங்கியவரின் கூலி இழப்பும் சேர்க்கத் தக்கவை. வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு, அந்த இடத்தில் சுழியம் போட்டு விடாதீர்கள்.

எங்கே போவது

தனியார் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே பெரும்பாலோருக்கு ஏற்றது. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தைச் செலுத்தினாலும் அது கட்டணச் சேவையே என்றும், சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே காப்பீட்டு அட்டையில் சிகிச்சை பெற்றதால் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நம் இரண்டு மாவட்டத்தாருக்கும் பெரிதும் பயன்படும் ஏற்பாடு ஒன்று உண்டு: புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கும், பர்கூரிலிருந்து வேலூருக்கும் சிகிச்சைக்குப் போனவர் அங்கே போய் அலைய வேண்டியதில்லை. மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம் ரூபாய் வரை. இது நாம் கேட்கும் இழப்பீட்டை அல்ல, சேவைக்காகச் செலுத்திய தொகையை வைத்துக் கணக்கிடப்படுவது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். நோயாளி பெண்ணாக இருந்தால், வருமானம் எவ்வளவு என்று பாராமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அவ்வாறே. அதற்கான உதவி எண் 15100.

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு எதிராக நுகர்வோர் ஆணையம் செல்ல இயலாது. அங்கே ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால் 30 நாளில் தர வேண்டும். பிறகு மாநில மனித உரிமை ஆணையம், உரிமையியல் நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்ற வழிகள் உள்ளன. மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும், அரசின் மீது உரிமையியல் வழக்கு என்றால் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும்.

மருத்துவரின் பதிவு உரிமம் தொடர்பான நடவடிக்கைக்குத் தமிழ்நாடு மருத்துவக் கழகத்திடம் தனியாகப் புகார் அளிக்கலாம். அங்கே இழப்பீடு கிடைக்காது. சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அது இல்லாவிட்டால் அவர் மருத்துவரே அல்லாதவராகவும் இருக்கலாம், அப்போது மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் அளிக்க வேண்டும். காவல் நிலையத்தை முதல் படியாக்குவதை நான் ஆதரிப்பதில்லை. குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்பதே ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. கண்டறியத் தாமதித்த வழக்குகள் அந்த அளவை எட்டுவது அரிது. உறவினர்களைத் திரட்டிக்கொண்டு மருத்துவமனை முன்பு நிற்பது நம்மையே குற்றவாளியாக்கிவிடும்.

காலக்கெடு

இரண்டு ஆண்டு என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதம் எழும். வெளியே தெரியாத பாதிப்பாக இருந்தால், நியாயமான கவனத்தோடு இருந்த நோயாளிக்கு அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதை இக்கட்டில் உதவும் வாதமாக வைத்துக்கொண்டு, பழைய மருத்துவரிடம் கடைசியாகச் சென்ற தேதியிலிருந்தே எண்ணித் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பானது. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியதாலோ மருத்துவமனையோடு பேச்சு நடப்பதாலோ காலக்கெடு நிற்காது. 'அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்' என்று சொல்லிச் சொல்லியே இரண்டாம் ஆண்டைக் கடத்திவிட்ட மருத்துவமனை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்தரப்பு 30 நாளில் பதிலுரை தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம். ஆணை பாதகமாக வந்தால் 45 நாளில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு.

நோயாளியின் வாக்குமூலம்

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். நோயாளி இல்லாமல் போனாலும் சட்டபூர்வ வாரிசுகள் அதைத் தொடரலாம். ஆனால் மருத்துவர் அறைக்குள் என்ன பேசப்பட்டது என்பதை நேரில் அறிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே அவர் உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்கும்போதே பிரமாணப் பத்திரத்தைத் தயாரித்துவிடுங்கள். ஒவ்வொரு வருகையும் எப்போது, என்ன சொன்னேன், என்ன பதில் வந்தது, தொட்டுப் பரிசோதித்தாரா என்பது அவர் சொற்களிலேயே இருக்கட்டும்.

சின்னம்மாவுக்கு ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பேனா பிடிக்க வரவில்லை. வங்கியில் உள்ள கையெழுத்தோடு பொருந்தாமல் போகும் என்பதால், நோட்டரி வழக்கறிஞரை வீட்டுக்கே அழைத்து வந்து, வாசித்துக் காட்டிய பிறகு இடது பெருவிரல் ரேகையைப் பெற்றோம். திண்ணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாம் பத்தியில் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஆடிப்பெருக்குக்கு முன்னாடி இல்ல கண்ணு, ஒகேனக்கல் போயிட்டு வந்த மறுநாளு" என்றார். எழுத்து மறைந்துகொண்டிருந்த ரசீது ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்தது. ஆகஸ்ட் 2 என்று இருந்ததை ஆகஸ்ட் 4 என்று திருத்தி, திருத்தத்தின் அருகிலும் அவருடைய ரேகையைப் பதித்தோம்.